ஒட்டு தளர்ந்தால் அலை பிறக்குமா? பீசோ இடைமுகம் பற்றி ஒரு நீண்ட பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுதிவிடக் கூடாது பாருங்கள். ஒரு பக்கம் பேரியம் டைட்டனேட், அது பீசோ எலெக்ட்ரிக், அதாவது திரித்தால் மின்புலம் தரும் பொருள். மறுபக்கம் கோபால்ட் ஃபெரைட், அது பீசோ மேக்னெட்டிக், திரித்தால் காந்தப்புலம் தருவது. இரண்டையும் ஒட்டிய தளத்தின், அதாவது இடைமுகத்தின், வழியே ஓடும் எஸ்.எச். அலையைத்தான், அதாவது துகள்கள் தளத்துக்கு இணையாகவும் அலை போகும் திசைக்குக் குறுக்காகவும் ஆடும் ஷியர் அலையைத்தான், எம்.டெக். புராஜெக்டுக்கு எடுத்திருக்கிறீர்கள். இடைமுகத்தில் மின்னழுத்தம், காந்த அழுத்தம் (மேக்னெட்டிக் பொட்டென்ஷியல்) இரண்டையும் பூஜ்யம் என்று வைத்திருக்கிறீர்கள். ஒட்டு கச்சிதம் என்று வைத்தால் புரோகிராம் எந்த மூலத்தையும், அதாவது சமன்பாட்டுக்குத் தீர்வாகும் எந்த அலை வேகத்தையும், தரவில்லை. ஒட்டு தளர்வு என்று நடுவில் ஒரு ஸ்பிரிங்கைப் போட்டதும், அதிர்வெண் ஒரு அளவைத் தாண்டிய பிறகு, நொடிக்கு 2,939.8 மீட்டர் பக்கத்தில் ஒரு மூலம் முளைக்கிறது. ஒட்டு கெட்டால் அலை சாகத்தானே வேண்டும், இங்கே பிறக்கிறதே, புரோகிராமில் தப்பு என்று கைடு சொல்கிறார், அவர் சொல்வது சரியா, அந்த ஸ்பிரிங் நிஜமா அல்லது கணக்குக்காக வைத்த பொம்மையா? இதுதானே கேள்வி.

புரோகிராம் சரி. ஆனால் அது கண்டுபிடித்திருக்கும் அலையை எந்த லேபிலும் யாரும் பார்க்க முடியாது. அதிலும் ஒட்டு எபாக்ஸி என்றால், மூலம் முளைக்கும் இடத்தில் ஸ்பிரிங் என்ற மாடலே செல்லுபடியாகாது. ஆக கைடின் உள்ளுணர்வும் முழுக்கத் தப்பில்லை, அவர் காட்டும் காரணம்தான் தப்பு.

எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் பீன்யாவில் அல்ட்ராசானிக் டிரான்ஸ்டியூசர் (மின்சாரத்தை ஒலியலையாக மாற்றும் கருவி) செய்யும் இடங்களில் பல வருஷம் வேலை, அதற்கு முன்னால் இதே வகை அலைகளில் கொஞ்சம் கணக்குப் படிப்பு. பீசோ எலெக்ட்ரிக்கை வெட்டி, தேய்த்து, ஒட்டி, ஒட்டு விட்டுப்போய் மறுபடி ஒட்டிப் பழக்கம். காந்தப் பக்கம் எனக்குப் பெரும்பாலும் காகிதத்தில்தான் பழக்கம், அதனால் அந்தப் பகுதியில் நான் சொல்வதைக் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அலை ஏன் இடைமுகத்தை ஒட்டியே ஓட வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும். 1885-இல் ரேலி காட்டிய மேற்பரப்பு அலையிலும், 1924-இல் ஸ்டோன்லி காட்டிய இடைமுக அலையிலும் துகள்கள் மேலும் கீழுமாகவும் முன்னும் பின்னுமாகவும் ஆடுகின்றன. எஸ்.எச். அலைக்கு அந்த வசதி கிடையாது. சாதாரண மீள்தன்மைப் பொருளின் மேற்பரப்பில் அது தங்காது, உள்ளே கரைந்துவிடும். 1911-இல் லவ் அதைத் தங்கவைத்ததும் மேலே ஒரு மெதுவான அடுக்கைப் போட்டுத்தான். அடுக்கு எதுவும் இல்லாமல் எஸ்.எச். அலை தங்க முடியும் என்பதை 1968-இல் புளூஸ்டைனும் 1969-இல் குல்யாயேவும் காட்டினார்கள், அதுவும் பீசோ எலெக்ட்ரிக்கில். மேற்பரப்பு ஒன்றில் கிடைத்ததை இரண்டு பொருள் ஒட்டிய இடைமுகத்துக்கு 1971-இல் மேர்ஃபெல்டும் டூர்னுவாவும் கொண்டுபோனார்கள். உங்கள் தலைப்பு இந்த வரிசையின் நேரடி வாரிசு. மின்பக்கம் இருந்த ஒன்றைக் காந்தப் பொருளாக மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பீசோ எலெக்ட்ரிக்கில் மட்டும் எப்படித் தங்குகிறது என்றால், இதை ஒரு வரவு செலவு மாதிரி எழுதிப் பார்ப்பேன். மேற்பரப்பை ஆட்டினால் பொருள் எதிர்க்கும். எவ்வளவு எதிர்க்கும் என்பது இரண்டு எண்ணின் பெருக்கல்: பொருளின் ஷியர் விறைப்பு, அப்புறம் அலை ஆழத்தில் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்ற தேய்வு எண். அலையின் வேகம் அந்தப் பொருளின் சொந்த ஷியர் வேகத்தை நெருங்க நெருங்கத் தேய்வு எண் பூஜ்யத்தை நெருங்கும். இரண்டு பொருளை ஒட்டினால் இரண்டு எதிர்ப்பும் கூடும், அந்தக் கூட்டல் பூஜ்யமானால்தான் வெளியிலிருந்து யாரும் ஆட்டாமலே அலை தானாக ஓடும். வெறும் மீள்தன்மைப் பொருளில் இரண்டுமே நேர்ம எண், கூட்டல் பூஜ்யமாக வழியே இல்லை. நடுவில் ஸ்பிரிங் போட்டாலும் இல்லை, ஸ்பிரிங்கும் நேர்மம்தான். பீசோ எலெக்ட்ரிக்கில் மின்புலம் இந்த எதிர்ப்பிலிருந்து ஒரு தொகையைக் கழித்துக்கொடுக்கிறது. மேற்பரப்பில் உலோகப் படலம் பூசி எர்த் செய்தால் அந்தக் கழிவு முழுதாகக் கிடைக்கும், அதாவது பீசோ மாறிலியின் வர்க்கத்தை விடுதிறனால் (பெர்மிட்டிவிட்டி) வகுத்தால் வரும் தொகை. படலம் இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பொருளின் விடுதிறனைப் பொறுத்து அதில் ஒரு துளிதான் கிடைக்கும். காந்தப் பக்கமும் இதே கதை, விடுதிறனுக்குப் பதில் உட்புகுதிறன் (பெர்மியபிலிட்டி).

சரி, உங்கள் எண்களைப் போடுவோம். பேரியம் டைட்டனேட்டுக்கு விறைப்பு 43 கிகாபாஸ்கல், பீசோ மாறிலி 11.6, விடுதிறன் மீட்டருக்கு 11.2 நானோஃபாரட் என்ற வழக்கமான அட்டவணையை எடுத்தால் மின்கழிவு 12 கிகாபாஸ்கல் வருகிறது, மின்சாரம் சேர்த்த மொத்த விறைப்பு 55. அடர்த்தி 5,800 என்று வைத்தால் ஷியர் வேகம் நொடிக்கு 3,080 மீட்டர் சுமார். கோபால்ட் ஃபெரைட்டுக்கு விறைப்பு 45.3, பீசோ மேக்னெட்டிக் மாறிலி 550, உட்புகுதிறன் மீட்டருக்கு 590 மைக்ரோஹென்றி. காந்தக்கழிவு வெறும் 0.51 கிகாபாஸ்கல்தான். அடர்த்தி 5,300-க்கு வேகம் 2,940. இடைமுக அலை இரண்டு வேகத்திலும் குறைந்ததைவிட மெதுவாகத்தான் போக முடியும், இல்லாவிட்டால் மெதுவான பொருளுக்குள் கசிந்துவிடும். ஆக 2,940-க்குக் கீழே. அங்கே பேரியம் டைட்டனேட்டின் எதிர்ப்பு குறைந்தது 16.4. கழிக்க இருப்பதோ மின்கழிவு 12, காந்தக்கழிவு அரை. கணக்கு நேராகவே இல்லை. கச்சிதமான ஒட்டில் மூலம் கிடையாது, உங்கள் புரோகிராம் சொன்னது சரி.

இப்போது ஸ்பிரிங். ஒட்டு கச்சிதமாக இருக்கும்போது இரண்டு பொருளும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள், கோபால்ட் ஃபெரைட் தன் சொற்பக் கழிவை வைத்துக்கொண்டு பேரியம் டைட்டனேட்டையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது, முடியவில்லை. ஸ்பிரிங் நுகத்தைத் தளர்த்துகிறது. முழுக்கப் பிரித்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டு தனி மேற்பரப்பு, இரண்டுமே எர்த் செய்தது மாதிரியான நிபந்தனையில், இரண்டுக்கும் சொந்தமாக ஒரு புளூஸ்டைன்-குல்யாயேவ் அலை உண்டு. அதாவது அலை புதிதாகப் பிறக்கவில்லை. முன்பே இருந்த அலையை நல்ல ஒட்டு அமுக்கி வைத்திருந்தது, ஒட்டு தளர்ந்ததும் அது திரும்ப வருகிறது. கைடிடம் இந்த வாக்கியத்தை மட்டும் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கத்தின் நிகர எதிர்ப்பு, ஸ்பிரிங்கின் விறைப்பை அலை எண்ணால் (இரண்டு பையை அலைநீளத்தால் வகுத்தது) வகுத்தது, இந்த மூன்றின் தலைகீழ்களைக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும் என்பதுதான் உங்கள் சமன்பாட்டின் சாரம். அதில் அலை எண் இருப்பதால்தான் வேகம் அதிர்வெண்ணோடு மாறுகிறது. கச்சித ஒட்டில் அந்த உறுப்பே இல்லை, எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே வேகம். ஒரே ஒட்டு குறைந்த அதிர்வெண்ணில் கெட்டியாகவும் உயர்ந்த அதிர்வெண்ணில் விட்டுப்போனதாகவும் தெரிவதும் இதனால்தான்.

ஆனால் அந்த 2,939.8-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஃபெரைட்டின் சொந்த ஷியர் வேகம் 2,940. வித்தியாசம் நொடிக்கு 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. தேய்வு எண் அதிகபட்சம் 0.011, அப்படியென்றால் அலை ஃபெரைட்டுக்குள் குறைந்தது 14 அலைநீளம் ஆழத்துக்கு இறங்குகிறது. 1 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலைநீளம் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆக ஆழம் 4 சென்டிமீட்டருக்கு மேல். உங்கள் ஃபெரைட் கட்டி அத்தனை தடிமன் இருக்காது. அதைவிட உயர்ந்த அதிர்வெண்ணுக்குப் போனாலும் 14 அலைநீளம் 14 அலைநீளம்தான். கணக்கில் அது இடைமுக அலை, அளவெடுக்கிறவன் கண்ணுக்கு அது ஃபெரைட்டுக்குள் போகும் சாதாரண ஷியர் அலை. இரண்டையும் பிரித்துச் சொல்லும் கருவி இல்லை. இன்னொன்று, காந்த அழுத்தம் பூஜ்யம் என்ற நிபந்தனைக்கு நிஜத்தில் உட்புகுதிறன் மிகப் பெரிதாக உள்ள ஒரு படலம் வேண்டும், எலெக்ட்ரோடாகப் பூசும் வெள்ளியோ பொன்னோ அதைச் செய்யாது. அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் காந்தக்கழிவு 0.51-லிருந்து 0.004 ஆகிவிடும். அப்போது அலை என்று சொல்வதே வெறும் உபசாரம்.

அடுத்தது எனக்கு இதைவிட முக்கியமாகத் தெரிகிற விஷயம். மூலம் முளைக்க வேண்டுமானால், ஒட்டின் விறைப்பை அலை எண்ணால் வகுத்த தொகை உங்கள் எண்களில் 0.58 கிகாபாஸ்கலுக்குக் கீழே போக வேண்டும். ஒட்டு எபாக்ஸி என்றால் ஷியர் விறைப்பு 1.2 கிகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தடிமனால் வகுத்தால் ஸ்பிரிங். எழுதிப் பார்த்தால் தடிமன் எத்தனை என்பதே அடிபட்டுப்போய், அலைநீளம் ஒட்டின் தடிமனைப் போல் மூன்று மடங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்று வருகிறது. எபாக்ஸிக்குள் ஷியர் அலை இன்னும் மெதுவானது, அங்கே அலைநீளம் ஏறக்குறைய ஒட்டின் தடிமன் அளவே ஆகிவிடும். அந்த நிலையில் ஒட்டு ஸ்பிரிங் அல்ல, தனக்குள் அலை ஓடும் ஒரு அடுக்கு. லவ் சொன்ன மெதுவான அடுக்கு கதை உள்ளே வந்துவிடும், வேறு மூலங்கள் வரும். ஆக எபாக்ஸி ஒட்டுக்கு உங்கள் மூலம், மாதிரி செத்துப்போன இடத்தில் முளைத்த மூலம். ஒட்டு அங்கங்கே விட்டுப்போய்ப் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும் இடைமுகத்துக்கு இந்த ஆட்சேபம் பொருந்தாது, அங்கே ஸ்பிரிங்கின் பலம் தடிமனோடு கட்டுண்டதல்ல. தீசிஸில் எந்த வகைத் தளர்வு என்று எழுதாமல் ஸ்பிரிங் மாறிலியை மட்டும் எழுதினால் வைவாவில் கேட்கத்தான் செய்வார்கள்.

அப்புறம், உங்கள் புரோகிராம் தவறவிட்ட ஒன்று. பேரியம் டைட்டனேட்டின் சொந்த மேற்பரப்பு அலை, எர்த் செய்த நிலையில், நொடிக்கு 3,005 மீட்டர் சுமார். அது 2,940-ஐவிட அதிகம், அதனால் மெய் எண் தீர்வாக அது வராது. ஒட்டு தளர்வாக இருந்தால் அந்த அலை இடைமுகத்தை ஒட்டி ஓடிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஃபெரைட்டுக்குள் கசியும். ஒட்டு எவ்வளவு தளர்வோ அவ்வளவு மெதுவாகக் கசியும். அதன் ஆழம் ஒரு அலைநீளத்துக்கும் குறைவு, மின்சாரத்தோடு பலமாகப் பிணைந்தது. சோதனையில் ஏதாவது கண்ணில் படுமென்றால் இதுதான் படும், 2,939.8 அல்ல. கலப்பு எண் தளத்தில் மூலம் தேடுங்கள், கற்பனைப் பகுதி கசிவின் அளவைச் சொல்லும். மெய் அச்சில் மட்டும் தேடிவிட்டு அலை இல்லை என்று எழுதுவது இந்தத் துறையில் சகஜம், அது பாதி உண்மை.

இனி அட்டவணை. கோபால்ட் ஃபெரைட்டின் உட்புகுதிறனை நான் 590 என்று எழுதினேன். ஊரெல்லாம் காப்பியடிக்கப்படும் அட்டவணையில் அது மைனஸ் 590 என்றுதான் இருக்கிறது, 90-களிலிருந்து எண்ணற்ற கட்டுரைகளில் அப்படியே இறங்கிவந்திருக்கிறது. நிலையான பொருளுக்கு உட்புகுதிறன் மைனஸாக இருக்க முடியாது, தேங்கும் காந்த ஆற்றல் மைனஸாகிவிடும். உங்கள் மூலம் 2,939.8-இல் வந்திருப்பதைப் பார்த்தால் நீங்கள் பிளஸ் போட்டிருக்கிறீர்கள், நல்லது. மைனஸ் போட்டிருந்தால் ஃபெரைட்டின் வேகம் 2,907-க்கு இறங்கியிருக்கும், கழிவு கூட்டலாக மாறியிருக்கும், ஸ்பிரிங் போட்டாலும் மூலமே வந்திருக்காது. அதே அட்டவணையில் மற்றத் திசைக்கு 157 என்ற எண் இருக்கிறது. சும்மா அதைப் போட்டுப் பாருங்கள், உங்கள் நிபந்தனைகளிலேயே கச்சித ஒட்டில்கூட அலை உண்டு என்று வரும், எதிர்ப்பு 13.5, கழிவு 13.9, மயிரிழையில். ஒரு குறியையோ ஒரு எண்ணையோ மாற்றினால் உண்டு இல்லை என்ற விடையே புரள்கிறது என்றால், இந்த ஜோடியை வைத்து அலை உண்டா என்ற கேள்விக்கு அடித்துச் சொல்லும் பதில் எதுவும் எழுதாதீர்கள். வரவு செலவு முறை உறுதி, மாறிலிகள் உறுதி இல்லை.

ஜோடியை மாற்றச் சொல்வேன். பேரியம் டைட்டனேட்டை விட்டுவிட்டு பி.இசட்.டி-4 (லெட் ஜிர்கோனேட் டைட்டனேட் செராமிக்கில் ஒரு வகை) எடுங்கள். அதற்கு விறைப்பு 25.6, பீசோ மாறிலி 12.7, விடுதிறன் 6.46 நானோஃபாரட், அடர்த்தி 7,500. மின்கழிவு 25 கிகாபாஸ்கல், மொத்த விறைப்பில் சரிபாதி. ஷியர் வேகம் 2,597, ஃபெரைட்டைவிட மெதுவு. இப்போது கச்சித ஒட்டிலேயே, இடைமுகத்தில் எர்த் செய்த படலம் இருந்தால், அலை உண்டு: ஃபெரைட்டின் எதிர்ப்பு 21.5, கழிவு 25. காந்தக்கழிவைத் தொடவே வேண்டாம். கச்சித ஒட்டில் வேகம் 2,591, ஆழம் இரண்டரை அலைநீளம் போல. ஒட்டு முழுக்கத் தளர்ந்தால் வேகம் 2,258, ஆழம் மூன்றில் ஒரு அலைநீளம். வேகத்தில் 13 சதவீதம் இறக்கம்! இதை எந்தச் சாதாரண அலைக்காட்டியிலும் அளந்துவிடலாம். நடுவே 2,425 எங்கே வருகிறது என்று பார்த்தேன்: 10 மைக்ரான் எபாக்ஸிக்கு 5 மெகாஹெர்ட்ஸ் சுமார். அலைநீளம் அரை மில்லிமீட்டர், ஒட்டைவிட ஐம்பது மடங்கு பெரிது, ஸ்பிரிங் மாதிரி தாராளமாகச் செல்லும். ஒட்டு 1 மைக்ரான் என்றால் 50 மெகாஹெர்ட்ஸ். வாங்கக் கிடைக்கும் டிரான்ஸ்டியூசர், கையால் செய்யக்கூடிய ஒட்டு, இரண்டும் சரியாக இந்த இடத்தில் சந்திக்கின்றன. படலம் இல்லாமல் செய்தால் மட்டும் கழிவு 25-லிருந்து 0.3-க்கு விழுந்து பழைய கதைதான். ஒட்டு எப்படி என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள், படலம் உண்டா இல்லையா என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

செய்து பார்க்கும் எண்ணம் இருந்தால் சில விஷயம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் பஸர் வட்டத்தகடுகள் இதற்கு உதவாது, அவை தடிமன் திசையில் துருவப்படுத்தியவை. உங்களுக்குத் துருவ அச்சு இடைமுகத்துக்கு இணையாக, அலை போகும் திசைக்குக் குறுக்காக, துகள் ஆடும் திசையிலேயே இருக்க வேண்டும். ஷியர் தகடு என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் துருவப்படுத்தப் பயன்பட்ட எலெக்ட்ரோடுகள் வேறு முகங்களில் இருந்திருக்கும், இடைமுகமாகப் போகிற முகத்தில் நீங்கள்தான் படலம் போட வேண்டும். சூளையில் சுடும் வெள்ளிப் பூச்சு கூடாது, அதற்கு 500 டிகிரிக்கு மேல் போக வேண்டும், பி.இசட்.டி-4-இன் கியூரி வெப்பநிலை, அதாவது துருவம் அழியும் வெப்பநிலை, 328 டிகிரி சுமார், துருவம் போய்விடும். வெற்றிடத்தில் குரோமியம் அடியில், பொன் மேலே என்று மெல்லிசாகப் படியவைப்பதுதான் வழி. ஃபெரைட் பக்கம், அது அடிப்படையில் காந்தச்சுருக்கப் பொருள், புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நீளம் மாறுவது. நேர்கோட்டு பீசோ மேக்னெட்டிக் போல நடக்க வேண்டுமானால் துகள் ஆடும் அதே அச்சில் நிலையான காந்தப் புலம் ஒன்று வேண்டும். அட்டவணையின் 550 அப்படி ஒரு புலம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்ட எண்.

ஸ்பிரிங் நிஜமா என்று கேட்டீர்கள். இந்த மாதிரியை 1967-இல் ஜோன்ஸும் விட்டியரும் வளைந்து கொடுக்கும் ஒட்டுக்கு எழுதினார்கள், 1980-இல் ஷோன்பெர்க் பாறை வெடிப்புகள் வரைக்கும் விரித்தார். தகைவு (ஸ்ட்ரெஸ்) இரண்டு பக்கமும் சமம், இடப்பெயர்ச்சி மட்டும் தாவும், தாவல் தகைவுக்கு விகிதத்தில், அவ்வளவே. மெல்லிய ஒட்டுக்கு இது நல்ல தோராயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த எண் பொருளின் மாறிலி அல்ல. ஒட்டிய ஜோடி ஒன்றை வைர வாளால் குறுக்கே வெட்டி, மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரியும்: தேய்த்த செராமிக்கின் முகம் பள்ளமும் மேடுமாக இருக்கும், மேடுகள் சில இடத்தில் எதிர்ப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், பள்ளங்களில் எபாக்ஸி தேங்கியிருக்கும், நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கும், கலக்கும்போது புகுந்த காற்றுக் குமிழி அங்கங்கே கறுப்பு வட்டமாகத் தெரியும். இதற்கு ஒரே தடிமன் என்று எதைச் சொல்வது? தொட்டுக்கொண்டிருக்கும் மேடுகள் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கும், குமிழிகள் தளர்த்தும், வருவது இரண்டின் சராசரி. வெற்றிடத்தில் குமிழி எடுத்து, ஒரே எடை வைத்து அழுத்தி, பெங்களூர் டிசம்பர் குளிரில் அவசரப்படாமல் லேசான சூட்டில் முழுக்க இறுகவிட்டால் ஜோடிக்கு ஜோடி வித்தியாசம் குறையும், போகாது. இன்னொன்று, அமுக்கும் திசையில் கெட்டியாக இருக்கும் ஒட்டு சறுக்கும் திசையில் கெட்டியாக இருக்க வேண்டியதில்லை. எண்ணெய்ப் படலம் வைத்தால் முதல் வகை ஸ்பிரிங் பலமாக இருக்கும், இரண்டாவது பூஜ்யம். எஸ்.எச். அலை இரண்டாவதை மட்டும்தான் பார்க்கும். அதனாலேயே விட்டும் விடாமலும் இருக்கும் ஒட்டைப் பிடிக்க இந்த அலை மேல்.

மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங் வைக்கும் கட்டுரைகளும் உண்டு. கணக்கில் குறையில்லை: எபாக்ஸி ஒரு சின்ன கெப்பாசிட்டர், காந்தத்துக்கு ஒரு காற்று இடைவெளி. கவனிக்க வேண்டியது, இவை எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. இயந்திரத் தளர்வு அலைக்கு வாழ்வு தருகிறது, மின்தளர்வு கழிவைக் குறைத்து அலையைக் கொல்கிறது. மூன்றையும் ஒரே தளர்வு எண்ணால் பெருக்கி வரைபடம் போட்டால் எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, இதை நானே மாணவர்கள் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். எர்த் படலம் இருந்தால் மின்ஸ்பிரிங் கணக்கிலேயே வராது. படலம் இல்லாவிட்டாலும் ஃபெரைட்டின் விடுதிறன் ஏற்கெனவே பி.இசட்.டி-யில் எண்பதில் ஒரு பங்குதான், எபாக்ஸி கெடுக்கப் பெரிதாக மிச்சமில்லை. உங்கள் தீசிஸில் இதற்கு ஒரு பத்தி போதும்.

ஸ்பிரிங் மாதிரியில் இல்லாதது இழப்பு. எபாக்ஸி பிசின் மாதிரி கொஞ்சம் ஆற்றலைத் தின்னும். அதற்கு ஸ்பிரிங் மாறிலியைக் கலப்பு எண்ணாக்கினால் போதும், கசிவலைக்காகக் கலப்புத் தளத்தில் தேட எழுதிய அதே புரோகிராம் இதற்கும் ஓடும். சோதனையில் வேகம் மாறுவதைவிட வீச்சு விழுவது முதலில் கண்ணில் படும் என்பது என் அனுபவம், அதன் அளவைக் கணக்கால் முன்கூட்டிச் சொல்வதுதான் கஷ்டம், ஒட்டு இறுகிய விதத்தைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும்.

இந்த ஜோடிகளில் ஒட்டு ஏன் இத்தனை முக்கியம் என்று முன்னுரையில் எழுத வேண்டியிருந்தால், 1972-இல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தின் வான் சுக்டெலன் சொன்னதிலிருந்து தொடங்கலாம். பீசோ எலெக்ட்ரிக்குக்குக் காந்தம் தெரியாது, பீசோ மேக்னெட்டிக்குக்கு மின்சாரம் தெரியாது, இரண்டும் திரிபு (ஸ்ட்ரெயின்) வழியே பேசிக்கொள்ளும்போது கூட்டுப்பொருளுக்கு இரண்டும் தெரிகிறது. திரிபு ஒட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. புரோகிராமில் ஸ்பிரிங் மாறிலியின் அலகைப் பாருங்கள். அது மீட்டருக்கு பாஸ்கல் என்று இருக்க வேண்டும். 10 மைக்ரான் எபாக்ஸிக்கு ஒன்றுக்குப் பின் 14 பூஜ்யம் என்ற அளவில் வரும். அதை மிகப் பெரிதாக்கினால் பி.இசட்.டி-4-க்கு 2,591-உம், மிகச் சிறிதாக்கினால் 2,258-உம் வருகிறதா என்று சரிபாருங்கள், படலம் எர்த், காந்த அழுத்தத்தைப் பூஜ்யமாக்காமல் தொடர்ச்சியாக விட்டு. இரண்டும் வந்தால் அந்த வரைபடத்தைக் கைடிடம் கொண்டுபோங்கள். ஒன்று வந்து ஒன்று வராவிட்டால் பீசோ மாறிலியின் குறியை இரண்டு பக்கமும் ஒரே வழக்கில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் மாட்டும்.